பூஸ்டர் போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தடுப்பூசிப் பரிந்துரைக் குழுக்களில் இருக்கும் நிபுணர்களே, சுகாதாரத் துறை அதிகாரிகளே, ஊசி அறையில் எங்கள் எதிரே உட்காரும் டாக்டர்களே, சிஸ்டர்களே,

வணக்கம்.

கொரோனா தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவத்தில் ‘பக்கவிளைவுகள் குறித்து எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே நான் இதுவரை ஏழு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்காக இரண்டு முறை, அம்மாவுக்காக மூன்று முறை, அப்போது 17 வயதில் இருந்த மகனுக்காக இரண்டு முறை. ஏழு முறையும் யாரும் எதையும் விளக்கவில்லை. பேனாவை நீட்டினார்கள், விரலால் இடத்தைக் காட்டினார்கள், போட்டேன். “ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க” என்றார்கள்.

அந்த “ஒண்ணும் ஆகாது” எனக்கு நான்கு வருடத்தை விழுங்கிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2021இல் கொரோனா தடுப்பூசியின் இரண்டாவது டோஸ் போட்டுக்கொண்டேன். ஃபைசர் நிறுவனத்தின் ஊசி. அன்று மாலை வரை கை மட்டும் கனத்தது. இரவு பதினொரு மணிக்குக் குளிர் நடுக்கம் தொடங்கியது. இரண்டு போர்வைக்குள்ளும் பற்கள் அடித்துக்கொண்டன. தெர்மாமீட்டர் 39.2 காட்டியது. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை, அதற்கு அடுத்த நாள் சரியாகிவிட்டது. இதுவரை எனக்குக் குறையே இல்லை. காய்ச்சல் வரலாம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன், தாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் குளிக்கும்போது இடது அக்குளில் கை பட்டது. ஒரு கட்டி. உருண்டையாக, தொட்டால் வலிக்கிற மாதிரி. என் பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அவருக்கும் முதலில் தெரிந்தது அக்குள் கட்டிதான். அன்று இரவு இரண்டு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, போனை எடுத்து வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். என்ன படித்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது நாள். மகனிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. வங்கிக் கணக்கு விவரங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பத்தாம் நாள் கட்டி சுருங்கியது, இரண்டு வாரத்தில் காணாமல் போனது.

அது வெறும் நெறிகட்டு. ஊசி போட்ட கைப்பக்கம் இருக்கும் நிணநீர்க் கணுக்களில்தான் எதிர்ப்பு அணுக்கள் கூடி வேலையைக் கற்றுக்கொள்கின்றன, அதனால் வீங்குகிறது, தானாக வடிந்துவிடும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்தவள்தான் நான். கையில் ஊசி போட்டால் அக்குளில் கட்டும் என்று ஒருவர், ஒரே ஒருவர், சொல்லியிருந்தால் போதும். உங்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 2021 செப்டம்பரில் பூஸ்டருக்கு, அதாவது முதல் இரண்டு டோஸுக்குப் பிறகு போடும் கூடுதல் டோஸுக்கு, அனுமதி கொடுத்தபோதே, முதல் இரண்டு டோஸைவிட பூஸ்டருக்குப் பிறகு அக்குள் நெறிகட்டு அதிகம் பேருக்கு வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. மார்பகப் பரிசோதனைக்குப் போகும் பெண்கள் எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி போட்டோம் என்று சொல்ல வேண்டும் என்பதும் ஸ்கேன் எடுக்கும் டாக்டர்களுக்குத் தெரியும். காகிதத்தில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட மேசைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

அப்புறம் நான்கு வருடம் பூஸ்டர் பக்கமே நான் போகவில்லை. எனக்கு 52 வயது, சர்க்கரை நோய் உண்டு. உங்கள் பட்டியலில் நான் கட்டாயம் இருந்திருப்பேன். குறுஞ்செய்தி வரும், அழித்துவிடுவேன். நான் தடுப்பூசிக்கு எதிரானவள் என்று உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கலாம். உண்மையில் நான் எதற்கும் எதிரானவள் கிடையாது. என்னிடம் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதானா, இன்னும் இருக்கிறதா என்ற கேள்விதான் என்னை நிறுத்தியது.

“ஒண்ணும் ஆகாது” என்பதை உங்கள் ஆய்வுகளோடேயே வைத்துப் பாருங்கள். நான் போட்டுக்கொண்ட ஊசியை 2020இல் 43,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 55 வயது வரை உள்ளவர்களில், இரண்டாவது டோஸுக்குப் பிறகு 100க்கு 59 பேர் உடல் சோர்வு என்றார்கள், 52 பேர் தலைவலி என்றார்கள், 16 பேருக்குக் காய்ச்சல் வந்தது. பாதிப் பேருக்கு மேல் அனுபவிக்கப்போகிற ஒன்றை ‘ஒன்றும் ஆகாது’ என்று சொன்னால், மறுநாள் காலையில் படுக்கையில் கிடக்கிறவர் என்ன நினைப்பார்? தனக்கு மட்டும் ஏதோ தவறாகிவிட்டது என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதற்கு உங்கள் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். சொன்னால் பயந்துவிடுவார்கள், பயத்திலேயே வலி வந்துவிடும் என்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். அதே ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்ட அதே வயதினரில் 100க்கு 23 பேர் சோர்வு என்றார்கள், 24 பேர் தலைவலி என்றார்கள். 2022இல் 12 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் டோஸாக வெற்று ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் உடம்புக்கு ஏதோ செய்தது என்று சொல்லியிருந்தார்கள். எதிர்பார்ப்பே உடம்பைப் படுத்தும். சரி. ஆனால் இதையும் சேர்த்து எங்களிடம் சொன்னால் என்ன? “பாதிப் பேருக்கு மேல் சோர்வு வரும், அதில் ஒரு பகுதி ஊசியால், ஒரு பகுதி பதற்றத்தால், எப்படி வந்தாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும்” என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடம் கிடைத்திருந்தால் என் காய்ச்சல் குறைந்திருக்காது. தனியாக உட்கார்ந்து பயந்திருக்கமாட்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இதைப் பெண்கள் தங்களுக்குள்தான் பேசிக்கொண்டார்கள். ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு தள்ளிப்போகிறது, போக்கு அதிகமாகிறது என்று 2021இல் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் தோழி கேட்டபோது “டென்ஷன் ஆயிருப்பீங்க” என்ற பதில் கிடைத்தது. சோதனைகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படவே இல்லை. பிறகு ஏறத்தாழ 4,000 பேரின் சுழற்சிக் கணக்கை வைத்துச் செய்த ஆய்வு 2022 ஜனவரியில் வந்தது. மாற்றம் உண்மைதான், சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவு, அடுத்தடுத்த மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்றார்கள். 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்துகள் முகமை, ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக மாதவிடாய்ப் போக்கைச் சேர்க்கச் சொன்னது. பெண்கள் சொன்னது சரி என்று ஆனது. தற்காலிகமானது, ஆபத்தில்லாதது என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால் போன அத்தனை மாதங்களில், “இந்த ஊசி போட்டால் குழந்தை பிறக்காது” என்ற பொய் வீடு வீடாகப் போய்விட்டது. அந்தப் பொய்க்கு இடம் கொடுத்தது உங்கள் மௌனம்தான் என்று நான் நினைக்கிறேன். “கேட்டிருக்கிறோம், இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்ல ஏன் அவ்வளவு தயக்கம்?

போன மாதம் அம்மாவுக்கு அடுத்த பூஸ்டர் பற்றிக் கேட்க ஒரு டாக்டரிடம் போனோம். அம்மாவுக்கு 76 வயது, இதயம் பலவீனம். கூடவே மகனும் வந்திருந்தான். அவனுக்கு இப்போது 21. அந்த டாக்டர் ஒரு காரியம் செய்தார். ஊசி போடச் சொல்வதற்கு முன்னால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, “போன தடவை போட்டப்போ எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். இத்தனை வருடத்தில் எங்களிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் நெறிகட்டுக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, நானே எதிர்பார்க்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். “இதை உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்” என்றார்.

அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் நோய். அம்மாவுக்கு, மகனுக்கு, எனக்கு என்று மூன்று வரிசை. அம்மா வரிசையில் அதிக நேரம் செலவிடவில்லை. இந்த வயதில், இந்த இதயத்தோடு, கொரோனா வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும் வாய்ப்பு அதிகம், ஊசியால் வரக்கூடியது பெரும்பாலும் ஒரு நாள் காய்ச்சல், போட்டுவிடலாம் என்றார். அம்மா “சரிங்க டாக்டர்” என்று அங்கேயே கையை நீட்டிவிட்டார்.

மகனின் வரிசைக்கு வந்ததும்தான் டாக்டர் நிதானித்தார். இளைஞர்களுக்கு, அதுவும் ஆண்களுக்கு, எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு இதயத் தசை அழற்சி வருவது உண்டு என்று நேராகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை, நிறுத்தாததற்கு நன்றி. 2021இல் 16, 17 வயதுப் பையன்களிடம் இரண்டாவது டோஸுக்குப் பிறகு அமெரிக்காவில் பதிவான கணக்கு 10 லட்சம் டோஸுக்குச் சுமார் 106 பேர். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலியாகத் தெரியும், பெரும்பாலானவர்கள் குணமாகிவிட்டார்கள். 2023–24 ஊசிகளை வைத்துப் பிறகு எடுத்த கணக்கில், 12 முதல் 24 வயது ஆண்களில் அது 10 லட்சம் டோஸுக்குச் சுமார் 27. எல்லா வயதினரையும் சேர்த்து, 64 வயது வரை, சுமார் 8. கொரோனா தொற்றே இதயத் தசையைப் பாதிக்கும் என்பதையும் மறக்காமல் சொன்னார். மகனிடம் ஊசிக்குப் பிறகு நெஞ்சில் வலி, படபடப்பு ஏதாவது வந்ததா, தொற்று எப்போது வந்தது, வேறு நோய் உண்டா என்று கேட்டார். அவன் ஏற்கெனவே மூன்று டோஸ் போட்டவன், அதற்குப் பிறகு தொற்றும் வந்து போயிருக்கிறது, வேறு நோய் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு பூஸ்டர் பாதுகாப்பானதுதான், ஆனால் அதனால் கிடைக்கும் பலன் குறைவு என்பதால் வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2023 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. “இப்போதைக்கு வேண்டாம், ஆரோக்கியம் மாறினா மறுபடி பேசலாம்” என்றார் டாக்டர்.

நான் அதை நம்பினேன். ‘வேண்டாம்’ என்று ஒருவருக்குச் சொல்லத் தெரிந்தவர் ‘போடுங்கள்’ என்று இன்னொருவருக்குச் சொல்லும்போது அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், மூன்று பேருக்கு ஒரே பதில் வராததால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதே குழுவின் பரிந்துரையில் முதியவர்கள், சர்க்கரை, இதய நோய் போன்றவை உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், முன்களச் சுகாதாரப் பணியாளர்கள் என்று முன்னுரிமைப் பட்டியல் தெளிவாக இருக்கிறது. இவ்வளவு தெளிவாக யோசித்து வைத்திருக்கிற நீங்கள், எங்களிடம் வரும்போது மட்டும் “எல்லாரும் போட்டுக்கோங்க” என்று ஒரே வரியாக ஏன் சுருக்கிவிடுகிறீர்கள்?

என் வரிசையில் ஒரு கேள்வியை நானே கேட்டேன். நான் போட்டுக்கொண்டால் அம்மாவுக்குத் தொற்று போகாதா என்று. கொஞ்ச மாதத்துக்குக் கொஞ்சம் குறையலாம், அதை நம்பி முகக்கவசத்தை விட்டுவிடாதீர்கள் என்றார். “அம்மாவுக்காகப் போடாதீங்க, உங்க சர்க்கரைக்காகப் போடுங்க.” இதைக் கேட்டதும் 2021இல் நீங்கள் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. போட்டால் வராது, போட்டால் பரவாது என்று ஒலிபெருக்கியில் சொல்லாத இடம் இல்லை. பிறகு வந்தது, பரவியது. ‘அப்படியென்றால் முதல் ஊசி வேலை செய்யவில்லையா, எத்தனை தடவைதான் போடுவது’ என்று ஜனங்கள் கேட்டதில் தப்பே இல்லை. நியாயமான கேள்வி அது. பதிலும் கஷ்டமானதில்லை. ஊசி போட்டதும் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் ஏறுகின்றன, சில மாதங்களில் இறங்குகின்றன, அதனால் தொற்று மறுபடி வரலாம். நோயை அடையாளம் வைத்திருக்கும் நினைவு அணுக்கள் அதைவிட நீண்ட நாள் இருப்பதால், உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு நோய் முற்றாமல் தடுப்பது இன்னும் கொஞ்ச காலம் தாங்குகிறது. வைரஸும் உருமாறுகிறது. பூஸ்டர் அந்த நினைவைப் புதுப்பிக்கிறது. 2021இல் இஸ்ரேலில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவது டோஸ் போட்டபோது, போடாதவர்களோடு ஒப்பிட்டால் தொற்று 11 மடங்கும் கடுமையான நோய் 19 மடங்கும் குறைந்தது. அந்தக் கணக்கு போட்ட முதல் சில வாரங்களுக்கானது, அப்போதிருந்த டெல்டா வைரஸுக்கானது. இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை மட்டும் சொன்னால் மீதிப் பாதியை யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி சொல்லிவிடுகிறார்.

உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதை மறைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2021 செப்டம்பரில் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பூஸ்டர் வேண்டுமா என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு வாக்களித்தபோது 16 பேர் வேண்டாம் என்றார்கள், 2 பேர் மட்டும் வேண்டும் என்றார்கள். அதே நாளில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் கொடுக்கலாம் என்று 18 பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். இதை முதன்முதலில் நான் படித்தது தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் அனுப்பிய ஒரு செய்தியில். முதல் வாக்கு மட்டும்தான் அதில் இருந்தது, இரண்டாவது இல்லை. நீங்களே முழுதாகச் சொல்லியிருந்தால், யாருக்கு அவசியம், யாருக்கு அவசரமில்லை என்பதை நிபுணர்கள் எவ்வளவு கவனமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

பூஸ்டர் என்பது கொரோனாவோடு வந்த புதுமையும் கிடையாது. ஆணி குத்தினால் போடும் டெட்டனஸ் ஊசியைப் பல நாடுகளில் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அதையே தேவைக்கு முன்னால் அடிக்கடி போட்டால் சிலருக்குத் தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிவிடும், அதனால்தான் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்கிறீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியில் நடந்தது நேர்மாறு. பயணம் போகிறவர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. ஒரே டோஸ் ஆயுளுக்கும் போதும் என்று 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது, 2016 ஜூலையில் சர்வதேச விதியும் மாறியது. தேவையில்லை என்று தெரிந்ததும் ஒரு பூஸ்டரை நீங்களே எடுத்துவிட்டீர்கள்! இதை ஏன் எங்கும் எழுதி ஒட்டவில்லை? ஊசியை விற்பதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள் என்று என் அண்டை வீட்டார் அடித்துச் சொல்கிறார். அவரிடம் மஞ்சள் காய்ச்சல் கதையைச் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அன்று முதல்முறையாக வாதத்தை நிறுத்திவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார்.

சிக்கலில் முடிந்த ஊசிகளின் கதையையும் நீங்கள் வெட்கப்பட்டு ஒளிக்கிறீர்கள். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்காக நான்கு கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். கை கால் செயலிழக்கும் கியான்–பாரே நோய் ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வருவது போலத் தெரிந்ததும் டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். 1998இல் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு வந்த முதல் ரோட்டா வைரஸ் தடுப்பூசியில், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதாக 15 புகார்கள் சேர்ந்ததுமே, 1999 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள், அந்த ஆண்டே சந்தையிலிருந்து போய்விட்டது. 2021இல் ஆஸ்ட்ராஜெனெகா ஊசிக்குப் பிறகு அரிதாக ரத்தக்கட்டு வந்தபோது பல நாடுகள் இளம் வயதினருக்கு வேறு ஊசிக்கு மாறின. அந்த ரத்தக்கட்டில் உயிர் இழந்தவர்களின் வீடுகளுக்கு ‘லட்சத்தில் ஒன்று’ என்ற எண்ணால் எந்த ஆறுதலும் இல்லை. அவர்களுக்கு இழப்பீடும், முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு வருத்தமும் காலதாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். அதே சமயம், என்னைப் போன்ற சாதாரண ஆளுக்கு இந்தக் கதைகள் பயத்தைவிடத் தைரியத்தைத்தான் கொடுத்தன. யாரோ கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள், 15 பேர் சொன்னாலும் காதில் விழுகிறது என்று தெரிந்தது.

அந்தக் கணக்கில் சேர எங்களுக்கும் வழி சொல்லுங்கள். பக்கவிளைவை நாமே பதிவு செய்யலாம் என்பது எனக்கு 2021இல் தெரியாது. அந்தக் காய்ச்சலும் நெறிகட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த இன்னும் எத்தனை பேர் அப்படிக் கணக்கில் ஏறாமல் போனார்கள்?

உங்கள் நேரம் குறைவு என்பது தெரியும். ஒரு சிஸ்டர் ஒரு நாளில் எத்தனை கைகளைப் பார்க்கிறார் என்று நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புதிதாக நேரம் எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே 15 நிமிடம் இருக்கிறது. ஊசி போட்டதும் எங்களை நாற்காலியில் உட்கார வைக்கிறீர்களே, அதைச் சொல்கிறேன். கடுமையான ஒவ்வாமை 10 லட்சம் டோஸுக்கு ஐந்து பேர் அளவில் வரக்கூடும், வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வந்துவிடும், உடனே மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பதற்காகத்தான் அந்த நாற்காலி. ஆனால் எதற்கு உட்காருகிறோம் என்று யாரும் சொல்லாததால் பாதிப் பேர் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து எல்லோருக்கும் பொதுவாகப் பேசட்டும். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், அக்குளில் நெறி கட்டலாம், இதெல்லாம் இத்தனை நாளில் போய்விடும். ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதயப் படபடப்பு வந்தால் காத்திருக்காமல் வாருங்கள். முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுக்கொள்ள வேண்டாம், காய்ச்சல் வந்தால் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் காய்ச்சல் நாளில் கூடுதலாக ஒருமுறை அளவைப் பாருங்கள். இரவில் பயம் வந்தால் கூப்பிட இதுதான் எண். கடைசியில் சொன்னது மிக முக்கியம். இரவு இரண்டு மணிக்கு எனக்குக் கூப்பிட ஓர் எண் இருந்திருந்தால் அந்த நோட்டில் வங்கிக் கணக்கை எழுதியிருக்கமாட்டேன்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். சட்டைக் கையைத் தோள் வரை முழுதாக ஏற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் கழுத்துப் பக்கமாகச் சட்டையை இழுத்துவிட்டுப் போட்டால் ஊசி மேலே ஏறி மூட்டுக்குள் போய்விடக்கூடும், தோள் மாதக்கணக்கில் வலிக்கும். அம்மாவுக்கு அன்று ஊசி போட்ட சிஸ்டர் தோள் எலும்பின் நுனியை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே அளந்து, “இங்கதான் பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போட்டார். அம்மா அதைப் பற்றி இரண்டு நாள் பேசினார்.

எனக்கு வரும் வியாழக்கிழமை ஊசி. வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வலது கையில் போடச் சொல்லப்போகிறேன், இடது பக்கம் படுத்துத்தான் எனக்குத் தூக்கம் வரும். தெர்மாமீட்டருக்குப் புது பேட்டரி போட்டாகிவிட்டது. அக்குளில் கட்டினால் என்ன என்று மகனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியைக் காட்டி, “இதை இப்போ எனக்கு விளக்குங்க” என்று கேட்கப்போகிறேன். யார் அந்த மேசையில் இருந்தாலும் தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு, எப்போது இறங்கியது என்று குறித்து வைத்து, இந்த முறை பதிவு செய்து அனுப்புவேன்.

அன்புடன்,
எட்டாவது கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்